பாரிட் புந்தாருக்குப் பத்திரிகை வைக்கப் போனது

“…அதுக்கு அப்புறம் யாருக்கு வேணும்னாலும் வைங்க, நான் கேக்க மாட்டேன். ஆனா மொதப் பத்திரிகை எங்க அண்ணனுக்கு. வழியில தோட்டத்துத் தொரையே வந்து கைய நீட்டினாலும் கூடையத் தொறக்கக் கூடாது, ஆமா, சொல்லிட்டேன்!”

சொல்லிக்கொண்டே சின்னம்மா காரின் பின்கதவை அறைந்து சாத்தினார். சாத்திய வேகத்தில் கதவின் உள்பக்கக் கைப்பிடி கழன்று என் மடியில் விழுந்தது. பயணம் எப்படி இருக்கப்போகிறது என்று அந்தக் கைப்பிடி அப்போதே சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை.

சின்னம்மா என்றால் என் சொந்தச் சின்னம்மா இல்லை. என் தோழியின் அம்மா. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அந்தச் சுவரும் கூரைவரை எட்டாது. அவர்கள் வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அப்படிப்பட்டவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? அவர் சின்னம்மா, அவர் வீட்டுக்காரர் சித்தப்பா. நம் வயதுக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் பேரப்பிள்ளைகள்தான், “அப்போ அவங்க சொந்தமா இல்லையா, சரியா சொல்லுங்க” என்று பிடித்துக்கொள்கிறார்கள். சரியாகச் சொல்லத் தெரியாத சொந்தம்தான் நமக்கு நிறைய இருந்தது.

கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம். ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை. மழைக்காலம் என்பதால் விடிகாலையில் தூறினாலே பால்வெட்டு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். பெரியவர்கள் வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கோ, வீட்டில் எல்லாரும் இருக்கிற நாளெல்லாம் திருநாள். அந்த விடுமுறையில் கூடுதலாக ஒரு கல்யாணமும் சேர்ந்துகொண்டது. தோழியின் அக்காவுக்குத் தை மாதம் நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை ஈப்போவில் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு வாரம் இதைத் தவிர வேறு பேச்சில்லை.

பேச்சின் மறுபாதி சின்னம்மாவின் அண்ணனைப் பற்றியது. அவர் பாரிட் புந்தார் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர். முன்பெல்லாம் தீபாவளிக்குத் தவறாமல் வருவார். வரும்போது எனக்கும் சேர்த்துத்தான் மத்தாப்பு வாங்கி வருவார். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவர் வரவில்லை. அவருக்கு ஒரு மகன் இருந்தார். முறைப்படி அத்தை மகளான அக்காவை அந்த மகனுக்குக் கேட்க உரிமை உண்டு. “அண்ணன் மகன் இருக்கிறப்ப பொண்ண வெளியில குடுத்தா மனுசனுக்குக் கோவம் வராதா?” என்று லயமே தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. அந்த அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆனால் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்குமா? பெண்ணின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போவது அவர். சீர் வைப்பது அவர். அவர் வராத கல்யாணத்தைப் பந்தலில் இருக்கிற எல்லாரும் ஒரு பல்லில்லாத வாயைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். சின்னம்மாவுக்கு அந்த மாதம் முழுக்க இந்த ஒரே கவலைதான். சோற்றைக் குழைய விட்டார், துணியைத் துவைத்துவிட்டுக் காயப்போட மறந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். தபாலில் அனுப்பக் கூடாது. யார் மூலமும் சொல்லி அனுப்பக் கூடாது. நேரில் போக வேண்டும். முதல் பத்திரிகையாக வைக்க வேண்டும். முதலில் வைத்தால் அண்ணனால் மறுக்க முடியாது.

சித்தப்பா தோட்டத்து ரப்பர் பால் லாரி ஓட்டுபவர். கெஞ்சிக் கூத்தாடி, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் காரை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி வந்தார். கல்யாணப் பெண் வெளியூர் போகக் கூடாது என்று அக்காவை வீட்டில் விட்டார்கள். வீட்டிலிருந்து ஒரு பிள்ளையாவது வர வேண்டும் என்று தோழியைச் சேர்த்தார்கள். “அவ வரலன்னா நானும் வரல” என்று தோழி தரையில் உட்கார்ந்ததால் என்னையும் சேர்த்தார்கள். அவள் அப்போதே அப்படித்தான். இன்றும் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் உட்கார்ந்துவிடுவாள்.

கூடை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. பிளாஸ்டிக் வயரில் பின்னிய பச்சையும் வெள்ளையுமான கூடை. அதில் பித்தளைத் தட்டு, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு ரஸ்தாளி, தேங்காய், மாமனுக்கு வேட்டி, அத்தைக்குச் சேலை. அடியில், மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு. காருக்குள் வெற்றிலை வாசம், வாழைப்பழ வாசம், வெயிலில் காய்ந்த ரெக்சின் இருக்கையின் வாசம், எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் எல்லார் உடம்பிலும் குளித்தாலும் போகாத ரப்பர் பால் வாசம். நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் வைத்துவிட வேண்டும் என்று சின்னம்மா ஈப்போ தாண்டுவதற்குள் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

“விடியக்காலையில கெளம்பியிருக்கோம் லா. நாலரைக்கு நாம திரும்பி வந்து தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருப்போம்” என்றார் சித்தப்பா. அவர் சொன்னது எதுவும் அன்று நடக்கவில்லை. ஆனால் சொல்லும்போது அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்வார், கேட்கிறவர்களுக்குப் பசியே அடங்கிவிடும்.

முதலில் தைப்பிங்கில் மழை. முன்னால் போகிற லாரி தெரியாத மழை. ஒரு கடைவாசலில் காரை நிறுத்தி நெடுநேரம் காத்திருந்தோம். கண்ணாடியில் படிந்த ஆவியில் தோழி மாப்பிள்ளையின் படம் வரைந்தாள், மீசையோடு. “மாப்பிள்ளைக்கு மீசை இல்லடி” என்றேன். “கல்யாணத்துக்குள்ள வளந்துரும்” என்றாள்.

பிறகு பாகான் செராய்க்குள் நுழையும்போது காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். சாட்டையால் தகரத்தை அடித்ததுபோல. அதன் பிறகு புகை. சித்தப்பா இறங்கி மூடியைத் தூக்கினார். ஃபேன் பெல்ட் அறுந்து தொங்கியது.

வண்டி நின்ற இடம் ஒரு ராவுத்தர் கடை வாசல். தோளில் துண்டோடு கடைக்காரரே வெளியே வந்தார்.

“என்னாண்ணே, வண்டி பெருமூச்சு விடுது?”

“ரோசாக் ஆயிருச்சு ராவுத்தரே, பெல்ட்டு அறுந்துபோச்சு. பக்கத்துல பட்டறை இருக்கா?”

“இருக்கு. ஆனா இன்னைக்கு ஞாயித்துக்கெழமை லா. பட்டறைய நடத்துற தவுக்கே மீன் புடிக்கப் போயிருப்பான், மீனோடதான் திரும்புவான். நீங்க உள்ள வாங்க. பிள்ளைங்க மூஞ்சியப் பாருங்க, வாடிப் போயிருக்கு.”

ராவுத்தர் ரொட்டி கொடுத்தார், பருப்புக் குழம்பு கொடுத்தார். எனக்கும் தோழிக்கும் ஆளுக்கு ஒரு ஐஸ் உருண்டை செய்து, சிவப்புச் சர்பத்தை ஊற்றிக் கையில் கொடுத்தார். கை மரத்துப்போகும்வரை அதை உறிஞ்சுவோமே, உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் சிவப்பெல்லாம் நம் வாய்க்கு வந்து, வெறும் வெள்ளைப் பனிக்கட்டி கையில் மிஞ்சும். சாப்பிட்டதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றார் ராவுத்தர். “நடுவழியில வந்து நிக்கிறவங்க விருந்தாளி. இன்னொரு நாளு சாப்பிடன்னே வாங்க, அன்னைக்குக் காசு வாங்கிக்கிறேன்.”

இங்கேதான் சித்தப்பா தடுமாறினார். யாரிடமும் ஒன்றை வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்பத் தெரியாத மனிதர் அவர். சின்னம்மா பின்கட்டுக்குக் கை கழுவப் போயிருந்தார். சித்தப்பா காருக்குப் போனார், திரும்பி வந்தார். கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை.

“எம் மக கல்யாணம். குடும்பத்தோட வரணும்.”

ராவுத்தர் துண்டில் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கிவிட்டு, “மாமன் மச்சானுக்கெல்லாம் வச்சாச்சா அண்ணே?” என்று கேட்டார். நம்மவர்களோடு பழகியவர், வழக்கம் தெரியும்.

“ஆச்சு, ஆச்சு” என்றார் சித்தப்பா.

தோழி மேசைக்கு அடியில் என்னை உதைத்தாள்.

மூலை மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். “அட, நீங்க எங்க தோட்டத்து டிராக்டர்காரரோட மச்சான்தானே? நானும் அந்தத் தோட்டந்தான்.” ராவுத்தர் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார். புகை விடும் காரைப் பார்த்தார். மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

சின்னம்மா ஈரக்கையோடு திரும்பி வந்தபோது மோட்டாரின் புகை இன்னும் கலையவில்லை. பத்திரிகை ராவுத்தர் கையில் இருந்தது. சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டிக்கொண்டே இருக்கிற ஒருவர் திடீரென்று திட்டாமல் இருந்தால் வீட்டுக்கூரை பிய்ந்துபோனதுபோல இருக்கும். அப்படி இருந்தது.

பட்டறைக்காரர் வரவில்லை. மணி ஆகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் அந்தப் பக்கமாக வந்த ஒரு தேங்காய் லாரியை ராவுத்தர் கை காட்டி நிறுத்தினார். “தோட்டத்து வழியாத்தான் போறான், ஏறிக்குங்க. கார் சாவிய எங்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கிறேன்.” சின்னம்மா முன்னால் சீன ஓட்டுநர் பக்கத்தில் ஏறினார். சித்தப்பாவும் நாங்களும் பின்னால் தேங்காய்க் குவியலின் மேல். லாரி குலுங்கும்போதெல்லாம் தேங்காய்கள் எங்களுக்குக் கீழே உருண்டன. நானும் தோழியும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஒரு கல்யாணமே ஆடிக்கொண்டிருந்தது, எங்களுக்கோ தேங்காய்தான் ஆடியது.

போன மாதம் நாங்கள் இருவரும் அதே வழியாகப் போனோம். தோழிதான் ஓட்டினாள். முட்டிவலிக்குத் தைலம் பூசிக்கொண்டு, அலைபேசியில் வழி சொல்லும் பெண்ணோடு சண்டை போட்டுக்கொண்டே ஓட்டினாள். “இடது பக்கம் திரும்பு” என்று அந்தப் பெண் சொன்னால், “நீ பொறக்குறதுக்கு முன்னாடி நான் இந்த வழியில தேங்கா மேல உக்காந்து போனவ” என்கிறாள். ரப்பர் பால்மரங்கள் இருந்த இடத்தில் எண்ணெய்க்கான செம்பனை. இப்போது பத்திரிகை அலைபேசியில் படமாக வருகிறது. எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை, படத்துக்கு ஃபேன் பெல்ட் அறுந்துபோகாது. அன்றைக்கு நடந்ததை எழுதி வை, நம்ம பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்று அந்தப் பயணத்தில் சொன்னதும் அவள்தான்.

லாரி பெரிய சாலையில் போகவில்லை. தேங்காய் ஏற்ற வேண்டும் என்று உள்சாலையில் சுற்றி, செம்மண் பாதை வழியாகத் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கியது. மாமன் வீடு பூட்டியிருந்தது.

பக்கத்து வீட்டு அக்கா முறத்தோடு வெளியே வந்தார். “யாரு, தங்கச்சியா? உங்க அண்ணி பாசாருக்குக் காய் வாங்கப் போயிருக்கு. அண்ணன் கொஞ்ச நேரம் முன்னாடிதாம்மா போனாரு. மோட்டார்காரத் தம்பி வந்து, ‘உங்க தங்கச்சி வீட்டுல மொதப் பத்திரிகைய பாகான் செராய் கடையிலயே வச்சிட்டாங்க’ன்னு சொன்னான். மனுசன் ஒரு வார்த்த பேசலியே! உள்ள போனாரு, வந்தாரு, கதவப் பூட்டினாரு, மோட்டார எடுத்தாரு, போயிட்டாரு.”

சின்னம்மா மெல்லத் திரும்பி, “கூடைய எடுங்க” என்றார்.

“எந்தக் கூட?” என்றார் சித்தப்பா.

“எந்தக் கூடயா?”

“நீதான் முன்னாடி வச்சிருக்கேன்னு நெனச்சேன்…”

“நீங்கதான பின்னாடி தூக்கிட்டு வந்தீங்க?”

கூடை காரிலேயே இருந்தது. அண்ணன் இல்லாத வீட்டு வாசலில், வெற்றிலை இல்லாமல், தட்டு இல்லாமல், பத்திரிகை இல்லாமல் சின்னம்மா படியில் உட்கார்ந்தார். அழவில்லை. “எம் பொண்ண யாரு கையப் புடிச்சி மேடைக்குக் கூட்டிட்டுப் போவா?” என்று மட்டும் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. சித்தப்பா தூரத்தில் நின்று செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

நாங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் போனோம். டிராக்டர்காரர் வீடு என்பதால் சாய்ப்பில் எண்ணெய் டின், பழைய சங்கிலி, டியூப் எல்லாம் சுவரில் ஆணியடித்துத் தொங்கின. நடுவே ஒரு பலகை. அதில் தூசி படிந்திருந்தது, பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக. பக்கத்து ஆணி ஒன்றும் காலியாக இருந்தது. தோழி சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடினாள்.

“அம்மா! மாமாவோட சாமான் பெட்டியக் காணோம். கோவமாப் போறவரு ஸ்பானரையா எடுத்துட்டுப் போவாரு?”

“பேசாம இரு லா” என்றார் சித்தப்பா. அடுத்த நொடி அவர் முகம் மாறியது. “ஸ்பானரா? எந்த அளவு ஸ்பானரு?”

“கோவத்துல மனுசன் கையில கெடைக்கிறதத்தான் தூக்குவான்” என்றார் பக்கத்து வீட்டு அக்கா, ஆறுதல் சொல்கிற குரலில்.

சித்தப்பா அதன் பிறகு சாலையைப் பார்த்தபடியே நின்றார். தோழி எனக்கு மட்டும் கேட்கும்படி, “இவங்கெல்லாம் பெரியவங்களாம்” என்றாள். இப்போது நானும் பெரியவள். யோசித்துப் பார்க்கிறேன். அந்த மோட்டார்காரர் இரண்டு செய்தி கொண்டு வந்திருந்தார். முதல் பத்திரிகையை வேறு யாருக்கோ வைத்துவிட்டார்கள் என்பது ஒன்று. தங்கையின் கார் நடுவழியில் நிற்கிறது என்பது இன்னொன்று. லயத்துக்கு முதல் செய்திதான் கேட்டது. அதுதான் சுவையான செய்தி. நாமும் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் கேட்டிருக்கிறோம், பாதியைக் காதாலும் மீதியைப் பயத்தாலும்.

பக்கத்து வீட்டு வானொலியில் மணி சொன்னார்கள். ராகு காலம் பிறந்துவிட்டது. “இனிமே வந்தாலும் வைக்க முடியாது” என்றார் சின்னம்மா.

அப்போதுதான் அந்தச் சத்தம். எங்களுக்குக் காலையிலிருந்து பழகிய இருமல். செம்மண் பாதை வளைவில் கிராணியின் கார் வந்தது. ஓட்டி வந்தவர் மாமன். டிராக்டர் ஓட்டுவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளம் பார்த்துப் பார்த்து, ஊர்வலம்போல ஓட்டி வந்தார். இறங்கினார். அரைக்கால் சட்டை, மேலே வெறும் பனியன். இரண்டு கையும் முழங்கைவரை கறுப்பு.

தங்கையைப் பார்க்கவில்லை. சித்தப்பாவிடம் பேசினார். “பெல்ட்டு போயிருந்திச்சு மச்சான். பழைய பெல்ட்டு ஒண்ணு கெடந்துச்சு, மாட்டியிருக்கேன். கோப்பெங் வரைக்கும் தாங்கும். நான் அங்க போனா நீங்க இங்க வந்திருக்கீங்க. என் மோட்டாரு ராவுத்தர் கடையில கெடக்கு. திரும்பிப் போறப்ப என்னையும் ஏத்திக்குங்க.”

சித்தப்பா தலையை ஆட்டினார். ஸ்பானர் எங்கே என்று அவர் கண் தேடியதை நான் பார்த்தேன்.

“ஆங், ராவுத்தர் ஒரு சேதி சொல்லச் சொன்னாரு” என்றார் மாமன். சிரிக்கவில்லை. “அவருக்கு இன்னும் யாரும் பத்திரிகை வைக்கலயாம். நீங்க திரும்பிப் போறப்ப கட்டாயம் வந்து வைக்கணுமாம்.”

பக்கத்து வீட்டு அக்கா முறத்தைக் கீழே வைத்தார். கடையில் எங்கள் கண்முன்னே இரண்டு கையாலும் வாங்கிய பத்திரிகை அது. நான் காரின் பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். இருக்கையில் கூடை. கூடையின் மேலே மாமனின் காக்கிச் சட்டை போர்த்தியிருந்தது.

“கூடைய நான் தொறக்கல” என்றார் மாமன், இப்போது தங்கையைப் பார்த்து. “ராவுத்தர்தான் எதையோ உள்ள வச்சாரு. வெயிலு வெத்தலையில அடிச்சிச்சு. அதான் சட்டையப் போட்டேன்.”

சின்னம்மா எழுந்தார். “ஏன்ணே வீட்டுக்கே வரல? நாங்க கோவம்னு நெனச்சோம்.”

“கோவமா? எனக்கா?” மாமன் உண்மையாகவே திகைத்தார். “முறை கிறையெல்லாம் கொழாயடிப் பேச்சு லா. எம் பையன் அதுக்கா ஏங்கிக்கிட்டு இருக்கான்? மாப்பிள்ளை கவர்மெண்டு உத்தியோகம். அவங்க ஆளுங்க முன்னாடி இந்த டிராக்டர்காரன் வந்து நின்னா, உனக்கு…” மீதியை முடிக்காமல் தன் கைகளைப் பார்த்தார்.

கோபம் என்று ஒரு லயமே பேசியது வெறும் கூச்சம். அன்று எனக்கு அது முழுதாகப் புரியவில்லை. ஆனால் ஏதோ ஒரு பெரிய கதவு சத்தமில்லாமல் திறந்தது மட்டும் தெரிந்தது. தோழி என் கையைக் கிள்ளினாள்.

சித்தப்பா கூடையைத் தூக்கி வந்து படியில் வைத்தார். வெற்றிலை வாடியிருந்தது. வாழைப்பழம் ஒரு பக்கம் கறுத்திருந்தது. ராவுத்தர் திருப்பி வைத்த பத்திரிகை, மஞ்சள் கொஞ்சம் கலைந்து, எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

“இப்ப வேணாம்மா, ராகு காலம்” என்றார் மாமன். தங்கையின் குணம் தெரிந்தவர். “ஆறு மணி ஆகட்டும். நான் போயி மண்ணெண்ண போட்டுக் கையக் கழுவிட்டு வாரேன். இந்தக் கையால எப்படி வாங்குறது?”

அவர் குழாய்ப் பக்கம் இரண்டடி வைத்திருப்பார்.

“நில்லுண்ணே” என்றார் சின்னம்மா.

மாமன் நின்றார். அன்று சின்னம்மா கட்டியிருந்தது, பத்திரிகை வைக்கப் போவதற்கென்றே பெட்டியிலிருந்து எடுத்த அரக்குப் பட்டு. என்ஜின் எண்ணெய் பட்டுக்குள் இறங்கினால் போகாது என்று லாரி ஓட்டுபவரின் மனைவிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் முந்தானையை இழுத்தார். அண்ணனின் வலது கையைப் பிடித்து, கட்டை விரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக, நகக்கண்வரை துடைத்தார். பிறகு இடது கையை. மாமன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவர் விடவில்லை. துடைத்து முடித்ததும் சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தார், தட்டில் பத்திரிகையை வைத்தார், இன்னும் கறுப்பாகவே இருந்த அந்த இரண்டு கைகளிலும் தட்டைக் கொடுத்தார்.